என்பு கூறும் உறவு

மனிதன் மண்ணுக்குள் சென்றபின் அவனுடைய உடலில் நெடுங்காலம் எஞ்சி நிற்பது எலும்பு ஒன்றே. தசை விரைவிற் கரைந்துவிடும். உடுத்த ஆடை சில ஆண்டுகளில் மட்கிவிடும். சட்டைப்பையில் இருந்த கடிதமும் அடையாளச் சீட்டும் ஈரத்தில் ஊறி எழுத்தழிந்து போகும். எலும்போ பல தலைமுறைக் காலம் கிடக்க வல்லது. ஆயினும் எலும்புக்கு முகம் இல்லை, குரல் இல்லை. பத்து மாதம் சுமந்து பெற்ற தாயும், ஒரு தொடையெலும்பைக் கண்ணுற்று, இது தன் பிள்ளையுடையது என்று சொல்ல இயலாது. போரினாலும் கொடுங்கோன்மையினாலும் இயற்கையின் சீற்றத்தினாலும் பெயரின்றிப் புதையுண்டவர்கள் உலகில் எண்ணிலர். அவர்களுடைய எலும்புகள் கிடைத்தபோதும், அவை யாருடையவை என்னும் கேள்விக்கு விடையின்றிப் போன குடும்பங்களும் எண்ணில. இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் இக்கேள்விக்கு உறுதியான விடை கூறும் வழியொன்றை விஞ்ஞானம் கண்டது. எலும்பினுள் எஞ்சியிருக்கும் டீ.என்.ஏ. என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, அதனை உற்றாருடைய குருதியோடு ஒப்பிட்டு நோக்குவதே அவ்வழியாகும்.

இதற்கு முன்னர் எலும்பைக் கொண்டு ஆளறியும் முறைகள் இல்லாமல் இல்லை. இடுப்பெலும்பின் அமைப்பைக் கொண்டு ஆணா பெண்ணா என்று கூறலாம். நீண்ட எலும்புகளை அளந்து உயரத்தைக் கணிக்கலாம். எலும்பின் நுனிகள் பொருந்தியிருக்கும் நிலையைக் கொண்டு வயதை ஏறத்தாழ மதிப்பிடலாம். முன்னொரு காலத்தில் முறிந்து பொருந்திய கை, அடைக்கப்பட்ட பல், விரலிற் கிடந்த மோதிரம் ஆகியனவும் துணைசெய்யும். ஆனால் இவையெல்லாம் ஒருவரை ஒரு கூட்டத்துக்குள் அடக்குமேயன்றித் தனியே பிரித்துக் காட்டுதல் அரிது. இருபத்தைந்து வயதும் நடுத்தர உயரமும் உள்ள ஆடவர் ஒரே குழியில் நூறு பேர் கிடந்தால், அளவுகோல் என்ன செய்யும்? ஆடையை நம்பலாம் எனின், இடர் நேர்ந்த காலத்தில் ஒருவர் சட்டையை இன்னொருவர் அணிவதும் உண்டு.

டீ.என்.ஏ. என்பது உயிர்க்கலங்களில் உள்ள நீண்ட நூல் போன்றதொரு மூலக்கூறு. நான்கு வகை உறுப்புகள் நான்கு எழுத்துகளைப் போல மாறிமாறி வரிசையாக அமைந்து இந்நூலை ஆக்குகின்றன. தந்தையிடமிருந்து வரும் தொகுதியில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். தாயிடமிருந்து வரும் தொகுதியிலும் அவ்வளவே. மாந்தர் அனைவருக்கும் இவ்வெழுத்துகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். எனினும் சிற்சில இடங்களில் நான்கைந்து எழுத்துகளாலான ஒரு சிறு சொல், பாட்டின் பல்லவியைப் போல, மீண்டும் மீண்டும் வரும். அது எத்தனை முறை மீள்கின்றது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆளறியும் விஞ்ஞானத்துக்கு வேண்டியவை இவ்வெண்ணிக்கைகளே.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போர்க்கு இது எளிதில் விளங்கும். ஓர் இடத்தில் தந்தைக்கு அச்சொல் ஒரு நூலில் 9 முறையும் மற்றதில் 12 முறையும் மீள்கின்றது என்க. தாய்க்கு 11 முறையும் 14 முறையும் என்க. இவர்களுடைய பிள்ளைக்கு 9 அல்லது 12 தந்தை வழியாகவும், 11 அல்லது 14 தாய் வழியாகவும் வந்திருத்தல் வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் இவ்வாறு பொருந்துதல் தற்செயலாகவும் நிகழும். பதினைந்து, இருபது இடங்களிலும் ஒருசேரப் பொருந்துமாயின், தற்செயல் என்று சொல்வதற்கு இடமில்லை.

இங்கே ஊன்றி நோக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. எலும்பிலிருந்து எடுத்த எண்கள் தாமாக ஒரு பெயரையும் சொல்வதில்லை. 9, 11 என்ற எண்களில் இன்னாருடைய மகன் என்று எழுதியிருப்பதில்லை. தாயோ தந்தையோ மகளோ உடன்பிறந்தாரோ வந்து தம் குருதியிற் சில துளிகளைக் கொடுக்கும்போதே அவ்வெண்களுக்குப் பொருள் உண்டாகின்றது. எலும்பு ஒரு பாதி. உயிரோடிருப்போரின் குருதி மறுபாதி. இரண்டும் கூடினாலன்றி இறந்தவருக்குப் பெயர் மீள்வதில்லை.

கலத்தினுள் இன்னொரு வகை டீ.என்.ஏ.யும் உண்டு. கலத்துக்கு வலுவை அளிக்கும் இழைமணி என்னும் நுண்ணுறுப்பில் அது வளையம் போல அமைந்துள்ளது; 16,569 எழுத்துகளே கொண்டது. ஒரு கலத்தில் கருவிலுள்ள டீ.என்.ஏ. இரு தொகுதியாக மட்டும் இருக்க, இழைமணியினது நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இருக்கும். ஆகவே மிகப் பழைய எலும்பில் முன்னது முற்றாக அழிந்தபின்னரும் பின்னது சிறிது எஞ்சியிருத்தல் கூடும். அது தாய்வழியாக மட்டுமே வருவது. தாய், அவள் தாய், அவள் தாய் எனப் பல தலைமுறை பின்சென்றாலும் பெரும்பாலும் மாறாதது. ஆதலால் நெடுங்காலத்துக்கு முன் இறந்தவரை இன்றுள்ள தாய்வழி உறவினரோடு ஒப்பிடுதற்கு அது உதவும். ஆனால் ஒரே தாய்வழியில் வந்தோர் அனைவருக்கும் அது பொதுவாகையால், தனி ஒருவரைச் சுட்டுவதற்கு அது மட்டும் போதாது.

உயிர் நீங்கியவுடன் டீ.என்.ஏ.யின் அழிவும் தொடங்குகின்றது. உடலிலுள்ள நொதியங்களே அதனை முதலில் அறுக்கின்றன. பின்னர் மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் வருகின்றன. நீரும் வெப்பமும் அமிலமும் நூலைத் துண்டுதுண்டாக்குகின்றன. குளிர்ந்த உலர்ந்த நிலத்தில் நெடுங்காலம் தங்குவது, வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் விரைந்து சிதைகின்றது. எனினும் எலும்பு ஒரு கோட்டை போன்றது. எலும்புக் கலங்கள் கல்சியம் பொசுபேற்றாலாகிய கடினமான சுவர்களுக்கிடையே சிறு குழிகளில் அடங்கியிருக்கின்றன. டீ.என்.ஏ. அவ்வுப்பின் மீது ஒட்டிக்கொள்ளும் இயல்பும் உடையது. அதனாலேயே தசை முழுதும் அழிந்தபின்னும் எலும்பில் அது எஞ்சுகின்றது. எலும்பு எத்துணைச் செறிவுடையதோ அத்துணைக் காப்பு. தொடையெலும்பு, கணைக்காலெலும்பு, மிளிரி மூடிய கடைவாய்ப்பல், உட்செவியைச் சூழ்ந்துள்ள மண்டையோட்டுப் பகுதி ஆகியவற்றையே ஆய்வாளர் முதலில் நாடுவர். தீயில் நன்கு வெந்து வெளிறிய எலும்பில் பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை.

இனி, எலும்பிலிருந்து அதனைப் பிரித்தெடுக்கும் முறை யாதெனின், முதலில் எலும்பின் மேற்பரப்பைச் சுரண்டி நீக்குவர். அதன்மேல் மண்ணும் பற்றீரியாவும் மட்டுமன்றித் தோண்டி எடுத்தவர், தொட்டுப் பார்த்தவர் ஆகியோரின் வியர்வையும் படிந்திருக்கும். பின்னர் வெளிற்றும் திரவத்தினாலும் தூய நீரினாலும் மதுசாரத்தினாலும் கழுவி உலர்த்துவர். உலர்ந்த எலும்பைப் பொடியாக்குதல் வேண்டும். சாதாரணமாக அரைத்தால் உராய்வினால் எழும் சூடு எஞ்சியிருக்கும் டீ.என்.ஏ.யையும் கெடுத்துவிடும். ஆதலின் பூச்சியத்துக்குக் கீழே 196 பாகைக் குளிருடைய திரவ நைதரசனில் எலும்பை அமிழ்த்தி, கண்ணாடி போல நொறுங்கும் நிலைக்குக் கொணர்ந்து அரைக்கும் பொறிகள் உள. ஒரு கிராம் அளவான, சில வேளை அதனினும் குறைந்த பொடியே ஆய்வுக்குப் போதுமானது.

அப்பொடியை ஈ.டி.டி.ஏ. என்னும் சேர்வையின் கரைசலில் இடுவர். அச்சேர்வை கல்சியத்தைப் பற்றிக்கொண்டு எலும்பின் கற்சுவரைக் கரைத்துவிடும். அதனோடு புரதத்தை அறுக்கும் நொதியமொன்றையும் சேர்த்து, 56 பாகை வெப்பத்தில் ஓரிரவு வைப்பர். சுவர் கரைந்து, புரதம் அறுபட்டு, டீ.என்.ஏ. கரைசலில் வெளிப்படும். ஆனால் அதனோடு மட்கிய மண்ணின் கபிலநிறப் பொருள்களும் கல்சியமும் கலந்திருக்கும். இவை பின்வரும் வேலைக்கு இடையூறானவை. ஆகவே உப்புச் செறிந்த கரைசலில் டீ.என்.ஏ. சிலிக்காவின் மேல் ஒட்டும் இயல்பைப் பயன்படுத்தி, அதனை ஒட்டவைத்து, மற்றவற்றைக் கழுவி அகற்றி, இறுதியில் சிறிதளவு நீரில் மீட்டெடுப்பர். முடிவிற் கிடைப்பது கண்ணுக்குப் புலனாகாத சிற்றளவு. அதுவும் உடைந்த துண்டுகள்.

இச்சிற்றளவைப் பெருக்கும் வழியை அமெரிக்கரான கரி மல்லிஸ் 1983 இல் எண்ணிக் கண்டார். அதற்காக 1993 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பொலிமரேசுச் சங்கிலித் தாக்கம் எனப்படும் இம்முறையில், வெந்நீரூற்றில் வாழும் பற்றீரியா ஒன்றின் நொதியம் பயன்படுகின்றது. கரைசலைச் சூடாக்கிக் குளிர்வித்து மீண்டும் சூடாக்கும் ஒவ்வொரு சுற்றிலும், வேண்டிய துண்டு இரட்டிக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பதாவது சுற்றில் 100 கோடிப் பிரதிகளுக்கு மேலாகும். அதன்பின் மீளும் சொற்களின் எண்ணிக்கையைக் கருவிகள் அளந்து கூறும்.

பெருக்கத்தின் வல்லமையே இம்முறையின் அபாயமும் ஆகும். எலும்பிலுள்ள பழைய டீ.என்.ஏ. சிதைந்து அருகியது, ஆய்வாளரின் தோலிலிருந்து உதிரும் ஒரு துகளில் உள்ளதோ புதியது, முழுமையானது. ஒரு துகள் விழுந்தால் இறந்தவருடைய எண்களுக்குப் பதிலாக ஆய்வாளருடைய எண்களே பெருகிவிடும். அதனாலேயே முகமூடியும் கையுறையும் அணிந்து, தனித்தனி அறைகளில் வேலை செய்வர். எலும்புப் பொடி இடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் உடன்வைத்து எல்லாப் படிகளையும் நடத்துவர். அதில் ஏதேனும் தோன்றினால் அன்றைய முடிவுகள் தள்ளப்படும். ஆய்வுகூடத்தில் உள்ளோர் அனைவருடைய எண்களும் பதியப்பட்டு, ஒவ்வொரு முடிவோடும் ஒப்பிடப்படும். இத்துணை எச்சரிக்கையும் வெறும் நுட்பச் சடங்கு அன்று. ஒரு தாயிடம் அயலான் ஒருவனுடைய எலும்பைக் கொடுத்து இவனே உன் மகன் என்பது இரண்டு குடும்பங்களுக்குச் செய்யும் கொடுமையாகும். அவள் பொய்யான கல்லறையில் அழுவாள். உண்மையான தாய் முடிவின்றித் தேடுவாள்.

டீ.என்.ஏ.யைக் கொண்டு ஆளைப் பிரித்தறியலாம் என்பதை 1984 இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெப்ரிஸ் கண்டறிந்தார். பழைய எலும்பிலிருந்தும் அதனைப் பெற்றுப் பெருக்கலாம் என்பதை எரிக்கா ஹாகல்பெர்க் முதலானோர் 1989 இல் வெளியிட்டனர். இவ்விருவரும் சேர்ந்து ஆராய்ந்த எலும்பு உலகப் புகழ் பெற்றது. ஆவுஷ்விட்சு வதைமுகாமின் கொடிய வைத்தியனாகிய யோசெப் மெங்கலே 1979 இல் பிறேசில் நாட்டுக் கடலில் நீந்தும்போது இறந்து, வேறொருவர் பெயரிற் புதைக்கப்பட்டிருந்தான். 1985 இல் எலும்புகள் தோண்டப்பட்டன. அவனே என்று நிபுணர் கூறியும் ஐயம் முற்றாகத் தீரவில்லை. தொடையெலும்பின் டீ.என்.ஏ. அவனுடைய மகனதும் மனைவியதும் குருதியோடு ஒப்பிடப்பட்டு, 1992 இல் ஐயம் நீங்கிற்று.

ருஷிய மன்னர் இரண்டாம் நிக்கலஸின் குடும்பத்தின் கதையும் அத்தகையதே. 1918 ஜூலையில் எகாத்தரின்பேர்க் நகரில் மன்னரும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் ஏவலர் நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1991 இல் திறக்கப்பட்ட குழியில் ஒன்பது பேருடைய எலும்புகளே இருந்தன. பீற்றர் கில் முதலானோர் நடத்திய ஆய்வு 1994 இல் வெளியாயிற்று. எடின்பரோ கோமகன் பிலிப் தம் குருதியைக் கொடுத்து உதவினார். அவருடைய தாயின் தாய், கொலையுண்ட அரசியின் தமக்கை. அரசியினதும் மூன்று பெண்மக்களினதும் எலும்புகளில் இருந்த இழைமணி டீ.என்.ஏ. அவருடையதோடு பொருந்திற்று. எஞ்சிய இரு பிள்ளைகள் தப்பிவிட்டனர் என்ற கதை நெடுங்காலம் வழங்கிற்று. தானே இளவரசி அனஸ்தாசியா என்று உரிமை கொண்டாடிய அன்னா அண்டர்சன் என்பார் 1984 இல் இறந்தார். வைத்தியசாலையிற் பேணப்பட்டிருந்த அவருடைய இழையத்தை 1994 இல் ஆராய்ந்தபோது, அவர் அக்குடும்பத்தவர் அல்லர் என்பது தெளிவாயிற்று. 2007 இல் அருகிலேயே எரிந்து நொறுங்கிய எலும்புத் துண்டுகள் கிடைக்க, எஞ்சிய இருவரும் அவர்களே என்று 2009 இல் நிறுவப்பட்டது.

மெங்கலேயும் மன்னரும் பெயர்பெற்றவர்கள். அவர்களைத் தேடுதற்கு உலகமே இருந்தது. பெயரறியாத உழவனையும் தொழிலாளியையும் பள்ளி மாணவனையும் தேடும் பணியில் இம்முறை பெருமளவிற் பயன்பட்டது பொஸ்னியாவிலாகும். 1995 ஜூலை 11 ஆம் நாள் சிரெப்ரெனிற்சா என்னும் சிறு நகர் பொஸ்னிய சேர்பியப் படையின் கையில் வீழ்ந்தது. அதனை அடுத்த நாட்களில் ஏறக்குறைய 8,000 முஸ்லிம் ஆடவரும் சிறுவரும் கொல்லப்பட்டனர். இஃது இனவழிப்பு என்று சர்வதேச நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. கொன்றவர்கள் உடல்களைப் பெருங்குழிகளில் இட்டனர். சில மாதங்களுக்குள், குற்றத்தை மறைக்கும் பொருட்டு, இயந்திரங்களால் அக்குழிகளைக் கிளறி, உடல்களை அள்ளிப் பல மைல் தொலைவிலுள்ள வேறு குழிகளிற் கொட்டினர். இயந்திரத்தின் வாயில் உடல்கள் சிதைந்தன. ஒருவருடைய தலை ஓரிடத்திலும், கால் வேறோரிடத்திலும், கை மூன்றாமிடத்திலும் கிடந்தன.

இந்நிலையிற் பழைய முறைகள் மிகச் சிலரையே அடையாளங் காட்டின. துஸ்லா நகரில் ஒவ்வொரு மாதமும் 11 ஆம் நாள் பெண்கள் ஒன்றுகூடி, காணாமற்போன தம்மவரின் பெயர்களைத் தைத்த தலையணை உறைகளை ஏந்தி ஊர்வலம் சென்றனர். காணாமற்போனோர்க்கான சர்வதேச ஆணைக்குழு 1996 இல் நிறுவப்பட்டது. எலும்பைக் கண்டு பெயரை ஊகித்துப் பின்னர் சரிபார்க்கும் வழக்கத்தை அது மாற்றிற்று. காணாமற்போனோரின் உற்றார் அனைவரிடமும் விரல்நுனியிற் சில துளிக் குருதி பெறப்பட்டது. புலம்பெயர்ந்து வேறு நாடுகளிற் குடியேறியவர்களையும் தேடிச் சென்று பெற்றனர். ஒருபுறம் குருதியின் எண்கள். மறுபுறம் எலும்பின் எண்கள். இரண்டையும் கணனி ஒப்பிட்டது. ஆய்வாளர் முன் பெயர்கள் இல்லை, குறியீடுகளே இருந்தன. பொருத்தம் நூற்றுக்கு 99.95 பங்கு உறுதிக்குக் குறைந்தால் ஏற்பதில்லை என்று விதித்துக்கொண்டனர். 2001 இல் முதற் பொருத்தம் கிடைத்தது. அதன்பின் சிரெப்ரெனிற்சாவில் மாண்டோருள் ஏறக்குறைய 7,000 பேருக்குப் பெயர் மீண்டது. அவ்வாறு பெயர் மீண்டோருட் பெரும்பாலோர் பொத்தோச்சாரி என்னுமிடத்திலுள்ள நினைவு மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். எலும்புகளின் சான்று ஹேக் நகரில் நடந்த வழக்குகளிலும் முன்வைக்கப்பட்டது.

இத்துணை வல்லமையும் உள்ள முறைக்கு எல்லையும் உண்டு. அவ்வெல்லையைப் பொஸ்னியத் தாய்மாரே நன்கு அறிவர். மணமாகாத இரு மைந்தரை ஒருசேர இழந்த தாய் குருதி கொடுக்கின்றாள். எலும்பு அவள் மகனுடையது என்று டீ.என்.ஏ. ஐயமறக் கூறுகின்றது. எந்த மகனுடையது என்று கேட்டால் அது மௌனமாகின்றது. இருவரும் ஒரே பெற்றோரின் மக்களாதலால், பெற்றோரின் குருதி இருவருக்கும் சமமாகவே பொருந்தும். ஒருவனுக்குப் பிள்ளை இருந்திருந்தால் அப்பிள்ளையின் குருதி பிரித்துக் காட்டியிருக்கும். அது இல்லாதவிடத்து, மூத்தவன் இளையவன் என்ற வேறுபாட்டை எலும்பின் வளர்ச்சியையும் பல்லையும் உயரத்தையும் கொண்டு, பழைய அளவுகோலே தீர்க்க வேண்டியதாகின்றது. புதிய விஞ்ஞானம் பழையதை அகற்றிவிடவில்லை. அதனைத் துணைக்கழைத்தே நிற்கின்றது.

குடும்பமே முற்றாக அழிந்தவிடத்து நிலைமை இன்னும் துயரமானது. எண்கள் எல்லாம் செவ்வையாகக் கிடைத்தும், ஒப்பிடுதற்கு ஒருவரும் இல்லாமையால் எலும்பு பெயரின்றியே கிடக்கின்றது. முதியோராகிய பெற்றோர் ஒருவர்பின் ஒருவராக மறைந்து போவதும் அத்தகைய இழப்பே. ஆதலாலேயே, எலும்பு கிடைக்குமட்டும் காத்திராது, உற்றாரின் குருதியைக் காலத்தோடு பெற்றுப் பேணுதல் வேண்டும் என்று இத்துறையினர் வற்புறுத்துகின்றனர். எலும்பு காத்திருக்கும், தாய் காத்திருக்க மாட்டாள்.

இன்னொரு வினாவும் உண்டு. ஒருவருடைய எலும்புகளிற் சில மட்டும் கிடைத்து அடையாளம் உறுதியானால், உடனே அடக்கம் செய்வதா, எஞ்சியவை கிடைக்கும்வரை பொறுப்பதா? அடக்கம் செய்தபின் இன்னொரு குழியில் இன்னொரு எலும்பு அகப்பட்டால், கல்லறையை மீண்டும் திறப்பதா? இவ்வினாக்களுக்கு ஆய்வுகூடத்தில் விடையில்லை. விடை கூறும் உரிமை குடும்பத்துக்கே உரியது. சிலர் உடனே அடக்கம் செய்தனர். சிலர் ஆண்டுக்கணக்கிற் பொறுத்திருந்தனர்.

இறந்தவரை எந்த விஞ்ஞானமும் எழுப்புவதில்லை. துயரத்தை அது தீர்ப்பதும் இல்லை. பெயர் தெரிந்த நாளில் தாய் மகனை மீண்டுமொருமுறை இழக்கின்றாள் என்றே சொல்லலாம். அதுவரை அவளிடம் இருந்த சிறு நம்பிக்கையும் அன்றோடு அறுகின்றது. ஆயினும் அந்நாளிலிருந்து அவளுக்குச் சென்று நிற்க ஓரிடம் உண்டு. ஓதுதற்கு ஒரு பெயர் உண்டு. விதவை விதவையென்றும் பிள்ளை உரிமைப் பிள்ளையென்றும் சட்டத்தின் முன் நிற்றல் கூடும். கொன்றவன் எவரையும் கொல்லவில்லை என்று மறுத்தல் அரிதாகின்றது. ஒரு கிராம் எலும்புப் பொடியிலிருந்து விஞ்ஞானம் பெறுவது இவ்வளவே. ஆனால் அதனைப் பெறுவதற்கு ஆய்வாளரின் கைத்திறன் மட்டும் போதாது. உயிரோடிருக்கும் ஒருவர் தம் விரலை நீட்டி, இறந்தவரைத் தம்மவர் என்று ஏற்று, சில துளி குருதி ஈதல் வேண்டும். அத்துளிகள் கிடைக்கும்போதே எலும்பு தன் பெயரைப் பெறுகின்றது.